எல்லைக் கல்லில் ஒரு ராணி

சங்கவி கல்லின் மேல் ஏறி நின்றாள். வலது கால் பிரான்சில், இடது கால் இங்கிலாந்தில்.

எதிரே மல்லாட்டைக் கடலை வயலின் வரப்பில் பதினோராம் வகுப்புப் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். சித்ரா டீச்சர் குடையை மடக்கிவிட்டு, ஆரம்பி என்று தலையசைத்தார்.

வானூர்ப் பள்ளியிலிருந்து அவ்வளவு பேரும் நடந்தே வந்தது இந்தக் கல்லைப் பார்க்கத்தான்.

இந்த வருஷம் சித்ரா டீச்சர் வரலாற்றையும் நாடகத்தையும் ஒன்றாகப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். காலையில் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள். மாலையில், ஆண்டுவிழாவுக்காக ஒரு பழைய பிரெஞ்சு நாடகத்தின் தமிழாக்கம். அதில் நாடு கடத்தப்படும் ராணி எல்லையில் நின்று பேசுவது மட்டுமே இரண்டு பக்கம்.

புதுச்சேரி எல்லை இந்தச் சுற்றுவட்டார ஊர்களைக் கண்டபடி வெட்டிக்கொண்டு போகிறது. அந்தக் காலத்தில் ஓர் ஊர் பிரெஞ்சுக்காரனிடம் என்றால் அடுத்த ஊர் இங்கிலீஷ்காரனிடம். டீச்சர் அதையே சட்டமாக்கிவிட்டார். பிரெஞ்சு ஊர்ப் பெண்களுக்கு அரண்மனை வேஷம். மற்றவர்கள் சிப்பாய்கள், சங்கவியும்தான். சிப்பாய்களுக்கு வசனம் கிடையாது.

ராணி வேஷம் கலையரசிக்குப் போகவிருந்தது. அவள் ஊர் இன்றைக்கும் புதுச்சேரிக் கணக்கில்தான் இருக்கிறது.

ஆனால் நாடிழந்தவளின் துயரம் கலையரசிக்கு என்ன தெரியும்? அவள் ரஷ்யப் பனியில் நடந்திருக்கிறாளா?

சங்கவி நடந்திருக்கிறாள். விழுப்புரம் நூலகத்திலிருந்து எடுத்துவந்த மொழிபெயர்ப்பு நாவல்களுக்குள், டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில், சித்திரை வெயிலில், இல்லாத கம்பளி மேலங்கியின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு. "அன்புள்ள அம்மா, ஒரு கோப்பை தேநீர் கிடைக்குமா?" என்று வீட்டில் ஒருமுறை கேட்டும் இருக்கிறாள். "ஏன், மகாராணி டம்ளர்ல குடிக்க மாட்டீங்களோ?" என்று பதில் வந்தது.

ஆகவே வகுப்பில் எழுந்து சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால், மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில், பிரெஞ்சுக்காரர் நட்ட எல்லைக் கல் இருக்கிறது. கல்லுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, முழுக்கப் பிரான்ஸ். அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகை, அது மட்டும் இங்கிலீஷ்காரனுடையது.

கல்லில் செதுக்கியிருந்த எஃப் எழுத்தை போனில் படமாகவும் காட்டினாள்.

கல் ஏன் சாய்ந்து கிடக்கிறது என்று டீச்சர் கேட்டார்.

வரலாற்றின் பாரம் தாங்காமல் என்றாள் சங்கவி. வகுப்பே கைதட்டியது.

டீச்சர் மட்டும், நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார்.

இப்போது கல்லின் மேல் ராணியின் பேச்சில் இரண்டாவது பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ராணி இழந்த மண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டாள். குரல் தழுதழுத்தது, நிஜமாகவே கண்ணில் நீர் முட்டியது. கலையரசிகூட ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள். டீச்சரின் முகம் இளகிவிட்டது. இன்னும் நான்கு வரி பேசினால் வேஷம் அவளுக்குத்தான்.

மாட்டுக் கொட்டகைப் பக்கமிருந்து, கையில் வாளியோடு சங்கவியின் அம்மா பாஞ்சாலி வந்தாள்.

"ஏய், எறங்குடி. செருப்புக் காலோட ஏறி நின்னுக்கினு. துணி தொவைக்கிற கல்லுடி அது."

வரப்பில் சிரிப்பு பரவியது. டீச்சர் சிரிக்கவில்லை. இது சாதாரணக் கல் இல்லை, இருநூறு வருஷமாக இதே இடத்தில் இருக்கும் எல்லைக் கல் என்று பாஞ்சாலிக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"இதே எடத்துலயா? இன்னா டீச்சர் நீங்க! ஏரிக்கு அந்தாண்ட கெடந்துச்சி. தொவைக்க நல்ல கல்லு இல்லன்னு நான் பேஜாரு பண்ணேன், இவங்கப்பா டிராக்டர்ல கட்டி இஸ்துக்கினு வந்து போட்டாரு. இவளுந்தான் அவரு பக்கத்துல குந்திக்கினு, ஜல்தி ஜல்தின்னு கத்திக்கினு வந்தா. அவளையே கேளுங்களேன்."

யாரும் கேட்கவில்லை. எல்லோரும் ஏரி இருக்கும் திசையைப் பார்த்தார்கள். வெகு தூரத்தில் தெரிந்தது.

"எறங்குடி சிப்பாயி" என்றாள் கலையரசி.

எத்தனையோ கவர்னர்கள் படை திரட்டியும் முடியாமல் போனதை அப்பா ஒரு கயிற்றைக் கட்டி முடித்திருந்தார். பிரான்ஸ் ஏரியைத் தாண்டி நகர்ந்து வந்த அந்த நாளைச் சங்கவி மறந்திருக்கவில்லை. வகுப்புக்காகக் கொஞ்சம் மொழிபெயர்த்திருந்தாள், அவ்வளவுதான்.

டீச்சர் குடையை விரித்தார். அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரிசை திரும்பி வரப்போடு நடந்தது. முன்னால் போன கலையரசி ராணியின் முதல் வரியை இப்போதே முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

பாஞ்சாலி, மகள் இன்னும் இறங்காத கல்லின் மேல் அவள் காலைச் சுற்றித் தண்ணீரைச் சரித்து, செருப்பு மண்ணைக் கழுவித் தள்ளினாள். பிறகு வாளியிலிருந்து துணியை எடுத்தாள். இருந்தது அந்த ஒரே துணிதான்.

சிவப்புத் திரைத்துணியில் தைத்த நீளமான அங்கி. ஓரமெல்லாம் ஜரிகை. அந்த ஜரிகை எந்தப் புடவையிலிருந்து பிரித்தது என்று சங்கவிக்குத் தெரிந்தது. அம்மாவிடம் ஜரிகை வைத்த புடவை ஒன்றுதான் இருந்தது.

"சாயம் போவுதாடி பாரு. இப்பவே அலசிட்டா ஆண்டுவிழாவுல ஒடம்புல ஒட்டாது. நானும் வர்றேன், முன்னாடி எடம் புடிச்சி வையி. இந்தா, அந்த முனையப் புடி."

சங்கவி கல்லிலிருந்து இறங்கி முனையைப் பிடித்தாள்.

அம்மா ஒரு பக்கம் முறுக்கினாள். சிப்பாய் மறுபக்கம் முறுக்கினாள்.