எட்டு சேர்ந்தாத்தான்

"ஜன்னலைத் தட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? போய் வார்டுல உட்காருங்க!"

லேப் அம்மா கண்ணாடியைப் பட்டென்று சாத்தினாள். பஸ் டிரைவரின் விரல் நசுங்காமல் தப்பியது.

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பதினோரு நாள் குழந்தைம்மா! காலையிலேர்ந்து ரெண்டு தடவை வலிப்பு வந்துடுச்சு. ரிசல்ட் எப்ப வரும்னு கேட்டா நாயை விரட்டுற மாதிரி விரட்டுறீங்க!"

கண்ணாடி ஒரு விரற்கடை திறந்தது.

"எட்டு சாம்பிள் சேர்ந்தாத்தான் மெஷினை ஓட்டணும்னு மேலிடத்து உத்தரவு. உங்களோடது சேர்த்து மூணுதான் இருக்கு. வெள்ளிக்கிழமைன்னுதான் சொல்லச் சொல்லியிருக்காங்க. நீங்க தட்டத் தட்ட என் கை ஆடுது. குழந்தை முதுகுல எடுத்த நீர் மொத்தமே நாலு சொட்டு. சிந்திச்சுன்னா மறுபடி குத்தணும். போங்கய்யா அந்தப் பக்கம்!"

மறுபடியும் பட்டென்று சாத்தல்.

வார்டு வாசலில் மனைவி, தையல் போட்ட வயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தாள். பக்கத்தில் குழந்தைகள் டாக்டர்.

"என்னங்க சொன்னாங்க?"

"வெள்ளிக்கிழமையாம். இன்னிக்குச் செவ்வாய். அந்தப் பொம்பளைக்கு நெஞ்சுல ஈரமே இல்லை!"

டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"ஹெர்பிஸ்னு சந்தேகப்படுறோம். அந்த வைரஸோட மரபணு முதுகுத்தண்டு நீர்ல இருக்கான்னு இந்த டெஸ்ட்தான் சொல்லும். மருந்தை நேத்தே ஆரம்பிச்சுட்டேன். ஆனா ரிசல்ட் இல்லாம மூணு வேளைக்கு மேல ஸ்டோர்ல தரமாட்டேங்குறாங்க. ஆறு மணி ஊசிக்குக் கையில மருந்து இல்லை. நானும் சண்டை போட்டுப் பார்த்துட்டேன்."

"என்கிட்டேர்ந்துதான் ஒட்டிக்கிச்சா டாக்டர்?" என்றாள் மனைவி, குரல் உடைந்து.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்மா. உதட்டுல கொப்புளம் இருக்கிற யாராவது ஆசையா ஒரு முத்தம் கொடுத்திருந்தாலே போதும். யாரும் வேணும்னு செய்யறது இல்லை. உங்களை நீங்களே தின்னுக்காதீங்க."

டிரைவர் சுவரில் ஓங்கிக் குத்தினான். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று மாலை நாலரை மணிக்கே ரிசல்ட் வந்துவிட்டது. ஹெர்பிஸ்தான். அடுத்த பத்தாவது நிமிஷம் ஸ்டோரிலிருந்து மருந்தும் வந்தது.

"இருபத்தியோரு நாள் ஊசி போடணும். சரியான நேரத்துல பிடிச்சுட்டோம்" என்றார் டாக்டர். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தில் தெளிவு.

"பார்த்தியா? நாலு சத்தம் போட்டாத்தான் இங்க வேலை நடக்குது" என்றான் டிரைவர்.

"அதான் வந்துடுச்சுல்ல, விடுங்க."

"எப்படி விடறது? நாளைக்கு இன்னொருத்தன் குழந்தையையும் இப்படித்தானே அலைக்கழிப்பா?"

ஒரு தாளை வாங்கி, லேப் அம்மாவின் திமிர், சாத்திய ஜன்னல், 'போங்கய்யா' என்ற வார்த்தை, எல்லாவற்றையும் அழுத்தி அழுத்தி எழுதினான். நேராக நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போய் மேஜையில் வைத்தான்.

அதிகாரி படித்தார். முகம் மலர்ந்தது.

"உட்காருங்க. காபி சாப்பிடுறீங்களா? நல்ல வேளை, எழுத்துல கொடுத்தீங்க. அவளுக்கு யார் சொன்னாலும் ஏறாது. இன்னிக்குக்கூட என்ன பண்ணியிருக்கா தெரியுமா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம, மூணு சாம்பிளுக்காக, எட்டுக்குப் போதுமான ஒரு முழு டெஸ்ட் கிட்டைப் பிரிச்சு மெஷினை ஓட்டிட்டா. கூப்பிட்டுக் கேட்டா, 'வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தக் குழந்தை தாங்காது சார், என்னை என்ன வேணா செஞ்சுக்கோங்க'ன்னு என்னையே எதிர்த்துப் பேசறா."

டிரைவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான்.

"எந்தக் குழந்தை சார்?"

"யாருக்குத் தெரியும்? ஏதோ பதினோரு நாள் குழந்தையாம். அதை விடுங்க. என் உத்தரவை மீறினதோட உங்க புகாரும் சேர்ந்துட்டா, நாளைக்கே அவளை வீட்டுக்கு அனுப்பிடலாம். கீழே கையெழுத்து மட்டும் விட்டுப்போச்சு."

பேனாவை நீட்டினார்.

டிரைவர் வாங்கிக்கொண்டான். தாளைத் தன் பக்கம் இழுத்து, எழுதியது முழுவதையும் குறுக்காக அடித்தான். பின்பக்கம் திருப்பி, மேலே 'புகார்' என்று மறுபடியும் எழுதிவிட்டு நிமிர்ந்தான்.

"உங்க முழுப் பேரைச் சொல்லுங்க சார்."