ஆயிரத்து இருபத்தைந்து கலோரி

அகப்பை பானையின் அடியைச் சுரண்டும் சத்தம். எல்லோரும் உண்டு எழுந்த பிறகு அடுப்படியிலிருந்து வரும். அம்மா பானை கழுவுகிறாள் என்று எட்டு வயதில் அனுசியா நினைத்திருந்தாள்.

இன்று ஆஸ்பத்திரி வார்டில் அதே சத்தத்தோடு சுடலை சோற்றுத் தூக்குவாளியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எதிரே கட்டிலில் அவர் மனைவி மூக்கம்மாள். குடல் ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாளாக வாய் வழியே எதுவும் இல்லை.

“பட்டினி கிடக்கிறவங்க கண்ணு முன்னாடியா சாப்பிடுவீங்க, ஐயா?” என்றாள் அனுசியா.

“முன்னாடி உக்காந்து சாப்பிட்டாத்தான், நான் சாப்பிட்டேன்னு இவ நம்புறா, தாயி.”

“நீ சாப்டியா ஆத்தா?” என்று அனுசியாவைக் கேட்டாள் மூக்கம்மாள்.

அனுசியா அந்தப் போடி நகர ஆஸ்பத்திரியின் டயட்டீசியன். நரம்பில் ஏறும் பைகளுக்குக் கணக்குப் போட்டாள். குளுக்கோஸ் நானூற்று இருபத்தைந்து, கொழுப்பு நானூறு, புரதம் ஐம்பது கிராமுக்கு இருநூறு. ஆயிரத்து இருபத்தைந்து கலோரி.

மூக்கம்மாள் எடை முப்பத்தாறு கிலோ. நாற்பது வந்தால்தான் மறு ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“குடல் வேலை செய்யுது. நாளையிலிருந்து கஞ்சி. கொஞ்சங் கொஞ்சமா பையை நிறுத்திடுவோம். அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாம்” என்றாள் அனுசியா.

சுடலையின் முகம் சுண்டிப்போயிற்று.

“இன்னும் ஒரு மாசம் பையிலயே ஓட்டுங்க தாயி.”

“ஏன், வீட்ல ஆக்கிப் போடக் கஷ்டமா இருக்கா? இத்தனை வருசம் அவங்க விடியுமுன்ன ஜீப்பு ஏறி, மலையில ஏலக்கா எடுத்து, வந்து உங்களுக்கு ஆக்கிப் போட்டாங்கல்ல?”

அவர் எழுந்து அனுசியாவை வராந்தாவுக்கு அழைத்து வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“ஆக்கிப் போட நான் இருக்கேன். முட்டைய அவிச்சுக் குடுத்தா பேத்திக்குப் பாதி, மருமகளுக்குப் பாதி. மலையிலயும் அதே சோலிதான். கூட வந்தவளுக்கெல்லாம் ஒரு கை அள்ளி வச்சுட்டு, இவ வெறும் கட்டஞ்சாயாவக் குடிச்சுட்டு வருவா. இந்தப் பையிலருந்துதான் தாயி, அவளால யாருக்கும் பங்கு குடுக்க முடியல.”

அனுசியாவின் காதில் எட்டு வயதில் கேட்ட அகப்பைச் சத்தம் கேட்டது. அன்று அடுப்படியில் அம்மா பானை கழுவவில்லை; எல்லோருக்கும் போட்டுவிட்டு, அடியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்றிருக்கிறாள்.

அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அனுசியா ஒரு மருந்து டப்பாவை நீட்டினாள். உள்ளே பொரிகடலை, நிலக்கடலை, பால் பவுடர் சேர்த்து அரைத்த மாவு. அது சுடலைக்கு மட்டும் தெரியும். வெளியே ஒட்டிய சீட்டை மூக்கம்மாளுக்கு உரக்க வாசித்தாள்.

“குடல் மருந்து. தினம் நாலு வேளை, ரெண்டு ரெண்டு கரண்டி. வேற யாரும் சாப்பிடக் கூடாது. வயிறு பிடுங்கிக்கும்.”

“அய்யய்யோ, பிள்ளைக கைக்கு எட்டாம வைக்கணுமே!” மூக்கம்மாள் டப்பாவை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

மூன்றாம் மாதம் மறு ஆபரேஷனுக்கு வந்தாள். எடை நாற்பத்தொரு கிலோ.