ஓடை எந்தப் பக்கம்

கண்ணாடி மாமா பன்னிரண்டாவது படத்தைச் சட்டத்துக்குள் இறக்கியவர், ஆணி அடிக்காமல் நின்றுவிட்டார்.

சட்டம் போடும் கடை அவருடையது. நாள் முழுக்கக் கண்ணாடி வெட்டுகிறவர், மூக்கின்மேலும் தடியாக ஒன்றை வைத்திருப்பவர், அதனால் அந்தப் பெயர். ஒன்பது வருஷமாக என் அச்சுப் படங்கள் எல்லாவற்றுக்கும் அவர்தான் சட்டம் போடுகிறார்.

நாளை மறுநாள் கண்காட்சி. பன்னிரண்டு படமும் காடு. பலகையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்த காடு.

இது என் ஐந்தாவது காட்டுக் கண்காட்சி. ஒவ்வொரு தடவையும் அதே காட்டின் வேறொரு மூலை. வாங்க வருகிறவர்கள் நல்லவர்கள். பச்சை இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் எங்கள் சோபாவுக்குப் பொருந்தும் என்பார்கள். நானும் தலையாட்டி வைப்பேன்.

சண்டை முடிகிற வருஷம், அந்தக் காட்டுக்குள்தான் எட்டுப் பேரை மூட்டை சுமக்கக் கூட்டிப்போனார்கள். எட்டில் சின்னவன் என் அண்ணன். வயது பதினைந்து. ஒருவரும் திரும்பவில்லை.

கூட்டிப்போனது எந்தப் படை என்பதில் ஊருக்குள் இன்றும் இரண்டு கட்சி. எங்கே விட்டார்கள் என்று கேட்டால் மட்டும் இரண்டு கட்சியும் வாயைத் தைத்துக்கொள்ளும்.

கண்ணிவெடிகளை அகற்றிக் காட்டைத் திறந்துவிட்ட நாளிலிருந்து போய்ப் போய் வரைகிறேன். நாலாயிரம் மரம் இருக்கும். எதன் அடியில் என்று தோண்டுவது? அவன் கிடக்கிற இடம் தெரிந்தால் போதும், பிறகு நிம்மதியாகப் போய்ச் சேருவேன் என்கிறாள் அம்மா. அவளுக்கு எண்பத்தொன்று.

கண்ணாடி மாமாவிடமும் முன்பே கேட்டிருக்கிறேன். அந்தக் காட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை, சண்டைக் காலம் முழுக்க மச்சான் வீட்டோடு இருந்துவிட்டேன் என்றார்.

இப்போது படத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். ஒட்டி வளர்ந்த இரட்டை மரம், அதன் வலப்பக்கம் ஓடை. தொழிலில் சுத்தக்காரர். கோணலைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும்.

"என்னம்மா, இடம் வலம் மாறிப்போச்சே. ஓடை இடப்பக்கமில்ல வரணும்? பள்ளம்தானே வலப்பக்கம்?"

சொல்லிவிட்டு ஆணியைத் தேடினார்.

நான் பள்ளம் எதையும் வரையவில்லை. அங்கே இப்போது முழங்கால் உயரத்துக்குப் புல்தான். ஒரு காலத்தில் பள்ளம் இருந்தது என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அவர் தேடிய ஆணி அவர் கண்ணெதிரே மேசைமேல்தான் கிடந்தது. அவர் எடுக்கவில்லை.

பலகையில் இடத்தை வலமாக, வலத்தை இடமாக மாற்றித்தான் செதுக்க வேண்டும். அப்போதுதான் காகிதத்தில் சரியாக விழும். இந்தத் தொழிலின் முதல் பாடமே அதுதான். இருபது வருஷத்தில் ஒருநாளும் நான் அதை மறந்ததில்லை.

ஒவ்வொரு கண்காட்சியிலும் ஒரு படத்தை மட்டும் வேண்டுமென்றே மாற்றாமல் செதுக்குவேன். காட்டைத் தெரியாதவர்கள் சோபாவைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார்கள். தெரிந்தவர் ஒருவருக்கு என்றைக்காவது பொறுக்காது. அவர் முன்பின் தெரியாத ஆளாக இருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன்.

படத்தைச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். பென்சிலை நீட்டினேன்.

"எங்கேன்னு போட்டுக் காட்டுங்க, மாமா."

அங்கே அவருக்கு என்ன வேலை என்று கேட்கவில்லை. கேட்டால் வாய் மூடிவிடும். எனக்கு முதலில் இடம் வேண்டும்.

வெகுநேரம் கழித்து வாங்கிக்கொண்டார். பென்சில் முனை இரட்டை மரத்தின் வலப்பக்கம் போனது, நின்றது, படம் மாறியிருப்பது நினைவு வந்து இடப்பக்கம் திரும்பியது.

வட்டம் போடுவார் என்று பார்த்தேன். கோடு போட்டார். ஒன்றை ஒட்டி ஒன்றாக, ஒரே அளவில் ஏழு கோடு.

எட்டாவதைக் குட்டையாகப் போட்டார்.