முதுகுப் பக்கம்

மாதிரி ராக்கெட் சோளக்காட்டுக்குள் விழுந்து முக்கால் மணி நேரமாகியிருந்தது. ஐந்து மணிக்குள் நடுவரிடம் ஒப்படைக்காவிட்டால் போட்டியில் அது பறந்ததே செல்லாது. அக்கா வாக்கி-டாக்கியை நெஞ்சோடு அணைத்தபடி, நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றினாள். ராக்கெட்டுக்குள் இருந்த டிரான்ஸ்மிட்டரின் 'பீப்' அதில் கேட்டது. எந்தத் திசையில் திரும்பும்போது சத்தம் அமுங்குகிறதோ, அப்போது ராக்கெட் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். உடம்பே அலையை மறைத்துவிடும். ரேடியோ மெக்கானிக்கான அவளுக்கு இதெல்லாம் தண்ணிபட்ட பாடு.

நாலே முக்காலுக்கு வேலியோரம் தம்பி அதைக் கண்டெடுத்தான்.

"கெடச்சிருச்சுக்கா! மூக்கு மட்டும் நசுங்கியிருக்கு."

"மொதல்ல பேட்டரியக் கழட்டு. கத்திக் கத்தி உயிர வாங்குது."

கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பீப் நிற்கவில்லை.

"வேற யாரோடதாவது இருக்கும்க்கா."

"இந்த அலைவரிசைய நமக்கு மட்டும்தானேடா குடுத்தாங்க?"

அவள் மறுபடியும் சுற்றினாள். காட்டைப் பார்த்து நின்றாள், சத்தம் அமுங்கியிருந்தது. சாலையைப் பார்த்து நின்றாள், அப்போதும் அமுங்கியே இருந்தது. எங்கே திரும்பினாலும் அது அவள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

"செட்டுல ஏதோ கோளாறுக்கா. இங்க குடு."

தம்பி வாங்கித் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்து நின்றான். பீப் காதைப் பிளந்தது.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. நீ திரும்பிப் பாக்காம என்னையே பாத்து நட."

நடுவரின் மேஜை வரைக்கும் அவன் அவளைப் பார்த்தபடி பின்னோக்கியே நடந்தான். சத்தம் இம்மியும் குறையவில்லை.