கண்ணாடி கழுவும் குழாய்

கலியாணக் கார் குருநகர்க் கோயிலுக்குப் புறப்படவில்லை. முன்கண்ணாடி கழுவும் குழாய் ஒழுகுகிறதென்று சாரதி கனிசியஸ் கைவிரித்தான்.

"கண்ணாடியே இல்லாத காருக்குக் கழுவுற குழாய் ஏனடா? பூசை தொடங்கப்போகுது, எடு!" பின்சீற்றிலிருந்து பெண்ணின் தகப்பனார் செபநாயகம் கத்தினார்.

"உந்தக் குழாயைக் கட்டாமல் கார் வெளிக்கிடாது, ஐயா."

மணப்பெண் ஸ்ரெல்லா இறங்கினாள். ஆஸ்பத்திரித் தோழிகள் பூச்செண்டில் ரிப்பனுக்குப் பதிலாகச் சுற்றியிருந்த சேலைன் குழாயை உருவி, ஒழுகிய இடத்தில் தானே மாட்டினாள். கனிசியஸ் பொத்தானை அமுக்கினான். கார் உறுமிக்கொண்டு பறந்தது.

பீடத்தடியில் மாப்பிள்ளை கிறகோரி மூக்கை உறிஞ்சினான்.

"என்ன சென்ற் பூசியிருக்கிறீர்?"

"பெற்றோல்," என்றாள் ஸ்ரெல்லா மெல்ல. "கார் ஓடுறது மண்ணெண்ணெயிலை. ஸ்ராட் பண்ண அந்தக் குழாயாலைதான் பெற்றோல் விடுகினம்."

பொருளாதாரத் தடையால் இரண்டு வருஷமாகப் பெற்றோலைக் கண்ணாலும் காணாத கிறகோரி நெஞ்சில் கைவைத்தான்.

"ஐயோ, இவ்வளவு சீதனம் நான் கேக்கேல்லையே!"