வட்டமடித்த படகு

யாகோப்பு கடலில் விழுந்ததை அற்புதராணி பார்க்கவில்லை.

தண்ணீருக்குள் மறைந்திருந்த பழைய வலைக்கம்பில் படகு இடித்தது. படகின் முன்பக்கம், அணியத்தில், நண்டு வலையோடு இருந்தவள் திரும்பிப் பார்த்தபோது, இஞ்சினைப் பிடித்திருந்த கணவனைக் காணவில்லை.

இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

படகு ஒரு பக்கம் சரிந்து, தானாகவே வளைந்தது. குருநகர்க் கரை கண்முன்னால் ஓடி மறைந்தது. பிறகு யாகோப்பின் தலை தெரிந்தது. படகு நேரே அவனை நோக்கிப் போனது.

அவன் மூழ்கினான். அவனுக்கு மேலால் படகு போனது. புரொப்பெல்லர் வெட்டிய வெள்ளை நுரைக்குள்ளிருந்து மறுபடி தலை வெளியே வந்தது.

படகு மறுபடி வளைந்தது.

அவள் விளிம்பை இறுகப் பிடித்தபடி இருந்தாள். உயிர்காப்பு அங்கிகள் இரண்டும் வீட்டில் ஆணியில் தொங்கின. பக்கத்தில்தானே போறம் என்று காலையில் அவளே சொல்லியிருந்தாள்.

“எழும்பாதை. ஊர்ந்து பின்னுக்குப் போ. சிவப்புக் கயிற்றை இழு,” என்று அவன் தண்ணீருக்குள்ளிருந்து கத்தினான்.

ஆள் விழுந்தால் இஞ்சினை நிறுத்துவதற்காக அவன் மணிக்கட்டில் மாட்டியிருக்க வேண்டிய கயிறு அது. இஞ்சினில் சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

அவள் ஊர்ந்தாள். ஒவ்வொரு வளைவிலும் படகு அவளை வெளியே தள்ளப் பார்த்தது. நண்டுகள் கூடையிலிருந்து சிதறிக் கைக்குக் கீழே நசிந்தன. அவன் இப்போது மூழ்கி எழும்ப அதிக நேரம் எடுத்தான். களைத்துவிட்டான்.

படகு மீண்டும் அவனை நோக்கி நேராகத் திரும்பியபோது, அவள் கயிற்றைப் பிடுங்கினாள்.

இஞ்சின் நின்றது. படகு வேகம் தணிந்து, அவனை உரசாமல் விலகிப் போனது.

அவன் நீந்தி வந்து விளிம்பைப் பிடித்தான். அவள் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினாள். குதிக்காலில் மட்டும் ஒரு கீறல்.

“வலையை நாளைக்கு எடுப்பம்,” என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர்கள் கலியாணம் கட்டுவதற்கு முந்தின வருடம், அவளுடைய அண்ணை பேதுருவும் இப்படித்தான் விழுந்தான். அன்றும் படகு வட்டமடித்தது. படகில் இருந்தது யாகோப்பு மட்டும்தான்.

எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது, ஒன்றும் செய்ய நேரமிருக்கவில்லை என்று மரண விசாரணையில் அவன் சொன்னான். பிறகு அம்மாவிடமும் வந்து அதையே சொல்லி அழுதான்.

எவ்வளவு நேரம் இருந்தது என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.