ஒரே சிரட்டை

வந்து உட்கார்ந்ததிலிருந்து எரோனியின் கைக்குட்டை மூக்கை விட்டு இறங்கவில்லை. எதிர்ப்பாயில் சம்மணமிட்டிருந்த அபிசாய் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். சளியோ, காய்ச்சலோ, என்ன கண்றாவியோ தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்த மனுஷர் வாய் வைத்த சிரட்டையில்தான் அபிசாயும் கவா என்ற அந்த வேர்ச்சாற்றைக் குடித்தாக வேண்டும்.

உடம்புக்கு முடியவில்லையா என்று மெல்ல விசாரித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை, வழியெல்லாம் தூசி என்று கைக்குட்டைக்குள்ளிருந்தே பதில் வந்தது. நேற்று ராத்திரி பெய்த மழையில் ஊரே சேறாய்க் கிடக்கிறது, தூசிக்கு எங்கே போவது? அபிசாய் அதை நம்பவில்லை.

அபிசாயின் மகள் வசிதியைத் தன் மகனுக்குக் கேட்டு வந்திருந்தார் எரோனி. முறைப்படி பக்கத்து வீட்டில் காத்திருந்து, ஆள் போய்க் கூப்பிட்ட பிறகுதான் தம்பியோடு வாசல் ஏறினார். மடியில் ஒரு தாழையோலைப் பை, அதற்குள் திமிங்கலப் பல். கவா ஒரு சுற்று வந்து, அந்தப் பல் அபிசாயின் கைக்கு மாறிவிட்டால் கல்யாணம் நிச்சயம்.

அபிசாய்க்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷம். அவருடைய அண்ணனுக்கும் அதே வியாதிதான். காலில் முள் குத்திய சின்னப் புண்ணில் கிருமி ஏறி, முதலில் விரல் போனது, அப்புறம் முழங்கால்வரை போனது, அப்புறம் ஆளே போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அபிசாய்க்குக் கிருமி என்றால் எமன். தனித் தட்டு, தனி டம்ளர், தனித் துண்டு என்று ஆகிவிட்டது. பஸ்ஸில் யாராவது இருமினால் பாதி வழியில் இறங்கி நடந்தே வீடு வந்து சேருவார்.

ஆனால் சர்க்கரை என்று வெளியில் மூச்சு விட்டதில்லை. தெரிந்தால் போதும், அண்ணனைக் கேட்ட மாதிரியே கால் எப்போது போகும் என்று பார்க்கிறவர்களெல்லாம் கேட்பார்கள். மாதாமாதம் நௌசோரி ஆஸ்பத்திரிக்குப் போவதைச் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவைத்தார். ஆள் பாதியாய் இளைத்ததற்கு வயசாகிறதல்லவா என்று சமாளித்தார். விஷயம் தெரிந்தது வசிதிக்கு மட்டும்தான்.

போன வருஷமும் இப்படி ஒரு இடம் வந்தது. சிரட்டை தன்னிடம் வந்ததும் அபிசாய் சொந்த பிளாஸ்டிக் டம்ளரை எடுத்து நீட்டி, அதில் ஊற்றச் சொன்னார். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, கொண்டுவந்த பல்லை வெளியே எடுக்காமலே கிளம்பிவிட்டார்கள். கூட உட்கார்ந்து குடிக்க இவருக்குக் கசக்கிறதா என்று அவர்களுக்குக் கோபம், வேறென்ன என்று அபிசாய் தன்னையே நொந்துகொண்டார். வசிதி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

இன்று காலையில் அவளே அந்த டம்ளரை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு வந்து நின்றாள்.

"எனக்கு முப்பத்து மூணு ஆச்சுப்பா. இந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடிச்சிருக்கு. இன்னைக்கு ஒரு நாள் எல்லாரும் குடிக்கற சிரட்டையில குடிச்சிடுங்கப்பா."

"முன்னே ஒரு தடவை ஃப்ளூ ஒட்டிக்கிட்டு, சுகர் ஏறி, எனக்கு நெனைவே தப்பிடுச்சு. மறந்துட்டியா?"

"எப்படி மறப்பேன்? ராப்பகலா பக்கத்துல உக்காந்திருந்தது நான்தானே." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மரத்தொட்டியில் கவா கரைத்தாயிற்று. மரியாதைக்கு முதல் சிரட்டை எரோனிக்குப் போனது. அவர் கைக்குட்டையை இறக்கி, ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மறுபடி மூக்கைப் பொத்திக்கொண்டார். இதுவரை ஒரு தும்மல் இல்லை, ஒரு இருமல் இல்லை. எல்லாவற்றையும் உள்ளேயே அடக்கிவைத்திருக்கிறார், எப்போது வெடிக்குமோ என்று அபிசாய் நடுங்கினார்.

அதே சிரட்டை, கழுவாமல், ததும்பத் ததும்ப அவர் முன்னால் வந்தது. விளிம்பில் எரோனியின் உதடு பட்ட ஈரம் பளபளத்தது. அண்ணனின் கட்டுப்போட்ட முழங்கால் ஞாபகத்துக்கு வந்தது. நிமிர்ந்து பார்த்தால் கதவோரம் வசிதி, இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ன ஆனாலும் ஆகட்டும், இவள் நன்றாக இருக்கட்டும். அபிசாய் முறைப்படி கையைக் குவித்து ஒரு தட்டுத் தட்டினார். சிரட்டையை வாங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை குடித்தார். சுற்றி உட்கார்ந்திருந்த அபிசாய் வீட்டு ஆட்கள் மூன்று முறை கைதட்டினார்கள். வசிதியின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு அத்தனை பயமும் மறந்து போனது.

சிரட்டை மறுபடி நிரம்பி, எரோனியின் தம்பியிடம் போனது. தம்பி வாங்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தார். எரோனி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, ஓலைப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அபிசாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன சம்பந்தி, அதான் நான் குடிச்சிட்டேனே. இன்னும் என்ன குறை?"

எரோனி வாசலுக்குப் போய், காற்று வருகிற பக்கமாக நின்றுகொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"மன்னிச்சுக்குங்க, உங்களுக்குக் காசநோய்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க."